ஊருக்கு வெளியே, கையைப் பிடித்து

(பிப்ரவரி 11, லூர்து அன்னை நினைவு, உலக நோயாளர் நாள். நற்செய்தி: மாற்கு 8:22-26)



இப்போது நாம் கேட்ட நற்செய்தி ஐந்தே வசனம். நான்கு நற்செய்தியாளர்களில் மாற்கு மட்டும்தான் இதை எழுதி வைத்திருக்கிறார். மாற்குவிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்ட மத்தேயுவும் லூக்காவும் இதை விட்டுவிட்டார்கள். ஆண்டவர் தொட்ட பிறகும் முதல் தடவையில் பார்வை முழுசாகத் திரும்பவில்லையே, எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டிருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கூச்சமான இடம்தான் பிடித்திருக்கிறது. உடைந்த மனதோடு வருகிறவர்களுக்கு எதிரே உட்காரும்போது எனக்குக் கைகொடுப்பது இந்த ஐந்து வசனம்.

காட்சியைக் கொஞ்சம் பாருங்கள். பெத்சாய்தா, ஏரிக்கரை ஊர். பார்வையற்ற ஒருவரைச் சிலர் கூட்டி வருகிறார்கள். வாய் திறந்து கேட்பவர் அவர் இல்லை. கூட்டி வந்தவர்கள்தான் தொடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். நம் பங்கு அலுவலகத்திலும் இதுதான் நடக்கிறது. மாமியார் மருமகளைக் கூட்டி வருவார். அண்ணன் தம்பியைக் கூட்டி வருவார். “சாமி, இவனுக்கு நாலு வார்த்தை நல்லாச் சொல்லுங்க.” கூட்டி வந்தவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். வந்த ஆள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்டவர் அங்கேயே தொட்டிருக்கலாம். கூட்டம் கூடியிருக்கிறது, புதுமை நடந்தால் ஊரே பார்க்கும். ஆனால் அவர் அந்த மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். எவ்வளவு தூரம் என்று மாற்கு எழுதவில்லை. தடுமாறி நடக்கிற ஒருவரின் நடைக்குத் தன் நடையைச் சுருக்கிக்கொண்டு, ஊர் எல்லை தாண்டும்வரை கடவுளின் மகன் நடக்கிறார். அந்த வழியில் என்ன பேசினார்கள் என்பதும் எழுதப்படவில்லை. ஒன்றும் பேசாமலேயே நடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

நான் இப்படி நடக்கத் தெரியாமல் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதும் இல்லை. குருப்பட்டம் பெற்ற இரண்டாவது வருஷம். வேறு ஒரு பங்கு. சாயங்காலச் செபமாலை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பெண் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். “அடிக்கிறாரு சாமி” என்றார். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “நீ என்னம்மா செஞ்ச?”

அதோடு விட்டேனா? மறுநாள் கணவனையும் வரச்சொல்லி, இரண்டு பேரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவனை இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவைத்து, அந்தப் பெண்ணை, ‘மன்னித்தேன்’ என்று சொல்லவைத்தேன். இருபது நிமிஷத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்ட திருப்தியோடு போய்க் காப்பி குடித்தேன். மூன்று வாரம் கழித்து ஞாயிறு பூசையில் அந்தப் பெண்ணின் வலது கையில் மாவுக்கட்டு. இடது கையை நீட்டித்தான் நன்மை வாங்கினார். பூசை முடிந்ததும் கேட்டேன். “கெணத்தடியில வழுக்கிருச்சு சாமி” என்றார். உண்மையைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே இடத்தை நான்தானே அடைத்துவிட்டேன், வேறு என்ன சொல்வார்?

பிற்பாடு ஆற்றுப்படுத்துதல் படிக்கப் போனபோதுதான் அந்த முதல் கேள்வியிலேயே நான் எங்கே சறுக்கினேன் என்று புரிந்தது. ‘உன்னிடம் என்ன கோளாறு’ என்று தேடிக்கொண்டு உட்காருவது ஒரு விதம். ‘உனக்கு என்ன நடந்தது’ என்று கேட்க உட்காருவது இன்னொரு விதம். இரண்டாவதை இப்போது மனவடு அறிந்த ஆற்றுப்படுத்துதல் என்கிறார்கள்.

‘மனவடு’ என்ற சொல் யாழ்ப்பாணத்திலிருந்து நமக்கு வந்தது. போரின் நடுவே இருந்து வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அங்கே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். காயம் ஆறிய பிறகும் வடு இருக்கும். தொட்டால் வலிக்காத வடுவும் உண்டு, மழைக்காலத்தில் தானே வலிக்கிற வடுவும் உண்டு. நம் பக்கத்துத் தோட்டனூத்து இலங்கைத் தமிழர் முகாமில் 2022-இல் அரசு 321 புது வீடுகள் கட்டிக் கொடுத்தது, நல்ல காரியம். முகாமில் ஒருமுறை ஒரு பாட்டியிடம், பழசை மறந்துவிடுங்கள் பாட்டி என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “மறக்கச் சொல்லாதேங்கோ சுவாமி. கேக்கிறதெண்டா இருந்து கேளுங்கோ” என்றார். படித்து வாங்கிய பட்டயத்தைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. மனதை ஆற்றுவது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆறு என்றால் வழி, வழியில் சேர்த்துவிடுவது ஆற்றுப்படுத்துவது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படைதான். வள்ளலைப் பார்த்துப் பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்வான்: எங்கே காடு, எங்கே தண்ணீர், யார் சோறு போடுவார்கள் என்று. தான் நடந்த வழி என்பதால் அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவனுக்காக இவன் நடக்க முடியாது. இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு எந்த மொழியில் இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை.

இந்த வழிகாட்டும் வேலையைக் கற்றுக்கொடுக்க நம் திண்டுக்கல்லிலேயே ஒரு வீடு இருக்கிறது. கப்புச்சின் துறவியர் நடத்தும் அனுகிரகா, நொச்சியோடைப்பட்டியில். குருக்கள், அருள்சகோதரிகள், ஆசிரியர்கள் என்று எத்தனையோ பேர் அங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த அருள்தந்தை டி.ஜான் அந்தோணி ஆற்றுப்படுத்துதல் பற்றி எழுதிய ஆங்கில நூல்களை நாட்டின் பல குருத்துவக் கல்லூரிகளில் பார்க்கலாம். எதிரே இருப்பவரைப் பார்ப்பது, அவர் சொன்னதைத் திரும்ப அவருக்கே சொல்லிக் காட்டுவது, பேசாமல் இருப்பது, இவற்றையெல்லாம் தனித்தனித் திறனாகப் பிரித்துப் பழக்குகிற முறையை அவர் எழுதியிருக்கிறார். பேசாமல் இருப்பதற்குக்கூடப் பயிற்சியா என்று சிரிக்காதீர்கள். பிரசங்கம் வைத்துப் பழகிய வாய்க்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி ஆற்றுப்படுத்தும் அறையைப் பற்றிச் சொல்கிறேன். சின்ன அறை. இரண்டு நாற்காலி, நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருக்கும். நேருக்கு நேர் என்றால் கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும், சாய்த்துப் போட்டால் சன்னலையும் பார்க்கலாம். கதவுக்குப் பக்கத்து நாற்காலி வருகிறவருக்கு. மூலையில் மாட்டிக்கொண்டு அடிவாங்கியவருக்கு வெளியே போகிற வழி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கதவைச் சாத்தலாமா, ஒருக்களித்து வைக்கலாமா என்று கேட்பார். ஃபேன் இந்த வேகம் போதுமா என்று கேட்பார். உப்புச்சப்பில்லாத கேள்விகளாகத் தெரியும். தன் உடம்பு, தன் வீடு எதிலும் தன் விருப்பத்தை யாருமே கேட்காமல் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, ஃபேன் வேகத்தைத் தானே முடிவு செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறையில் முன்பு ஊதுபத்தி ஏற்றி வைப்பார். ஒருநாள் ஒருவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் முகம் வெளுத்து நின்றுவிட்டார். அந்த வாசனைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சாவு வீடு இருந்தது. அன்றோடு ஊதுபத்தி நின்றது.

இதைத்தான் ஊருக்கு வெளியே அழைத்துப் போவது என்கிறேன். முதலில் பாதுகாப்பு. ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் எழுதிய நூலில் மனவடு ஆறும் வழியை மூன்று கட்டமாகச் சொன்னார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைத்துத் துக்கப்படுவது, அதன்பின் மறுபடி மனிதர்களோடு சேர்வது. நம் நற்செய்தியிலும் அந்த மனிதர் ஊருக்கு வெளியே வருகிறார், கேள்வி கேட்கப்படுகிறார், தொடப்படுகிறார், கடைசியில் தன் வீட்டுக்குப் போகிறார். மாற்கு மனநல மருத்துவம் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டவர் அவசரப்படவில்லை என்று மட்டும் எழுதினார், அது போதும்.

பாதுகாப்புக்கு முன்னால் கதையைக் கேட்டால் என்ன ஆகும்? அதையும் நான் செய்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள், சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணிக்குப் போயிருந்த எத்தனை குடும்பங்கள் கடலோடு போயின என்பது உங்களுக்குத் தெரியும். நான் அப்போது குருமாணவன். நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாமுக்கு உதவிக்குப் போனோம். பிள்ளைகளை மனம்விட்டுப் பேசவைக்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பையனுக்குக் கலர் பென்சில் கொடுத்து, அலையை வரைஞ்சு காட்டு தம்பி என்றேன். வரைந்தான். மறுநாள் இன்னொரு குழு வந்து வரையச் சொன்னது, வரைந்தான். மூன்றாம் நாள் வேறொரு குழு வேனிலிருந்து இறங்கியதும், யாரும் கேட்காமலேயே ஒரு தாளை நீட்டினான், ரேஷன் கடையில் கார்டை நீட்டுகிற மாதிரி. அலை வரைந்த தாள். அவன் தங்கை எங்கே என்று அதுவரை எங்களில் யாரும் கேட்கவில்லை. பசிக்கிறதா என்றும் கேட்கவில்லை.

பேரிடருக்குப் பின் செய்யவேண்டிய உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே, முதலில் உடனடித் தேவை என்னவென்று பார் என்கிறது. எலியா கதையில் வானதூதர் இதைத்தானே செய்தார்? அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட இறைவாக்கினருக்கு வானதூதர் பிரசங்கம் வைக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தார். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினார். தூங்கவிட்டார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடவைத்தார். ‘இங்கே என்ன செய்கிறாய்’ என்ற கேள்வி அதற்கப்புறம் நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

யோபுவின் நண்பர்களையும் இங்கே நினைக்கலாம். ஏழு பகல் ஏழு இரவு தரையில் அவரோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் உலகத்திலேயே சிறந்த ஆற்றுப்படுத்துநர்கள் அவர்கள்தான். எட்டாம் நாள் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டது.

திண்டுக்கல்லில் மறையுரை வைத்துவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையால் அராவிச் செய்கிற மாங்காய்ப் பூட்டுக்குள்ளே லீவர்கள் இருக்கும், சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரை அதனதன் உயரத்துக்குத் தூக்கவேண்டும். வேறு சாவியை விட்டு முறுக்கினால் திறக்காது என்பதோடு போகாது. லீவர் வளைந்துவிடும். அப்புறம் அதன் சொந்தச் சாவிக்கே திறக்காது. ஒரு பட்டறைக்காரர் என்னிடம், “கள்ளச் சாவி போட்டதைக்கூடச் சரி பண்ணிரலாம் சாமி, சுத்தியலால தட்டினவன் கொண்டாந்தாத்தான் பாடு” என்றார். சிலர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்களே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். பூட்டுப் போட்டது அவர்கள் தப்பு இல்லை, வீட்டுக்குள் ஒருநாள் திருடன் வந்திருக்கிறான்.

ஆளுக்கொரு சாவி என்பது ஆண்டவரின் வழியும்தான். எரிகோவில் பர்த்திமேயுவுக்கு, என்ன வேண்டும் என்று கேட்டு, ஒரு சொல்லாலேயே பார்வை தந்தார். யோவான் 9-இல் பிறவிக் குருடருக்குச் சேறு பூசிக் குளத்துக்கு அனுப்பினார். பெத்சாய்தாவில் கையைப் பிடித்து நடந்து, உமிழ்நீர் தொட்டு, இரண்டு தடவை கைவைத்தார். நோய் ஒன்று, ஆள் மூன்று, மருந்தும் மூன்று. நாங்கள் குருக்கள் மட்டும் குடிகாரனுக்கும், குடிகாரன் மனைவிக்கும், நூற்பாலை விடுதியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு ராத்திரித் தூக்கம் வராமல் வந்திருக்கிற பிள்ளைக்கும் ஒரே ஐம்பத்து மூன்று மணி செபமாலையைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். செபமாலை வேண்டாம் என்று சொல்வேனா? அன்னையின் நாளில் சொல்வேனா? செபமாலையைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுகிறோமே, அதைச் சொல்கிறேன்.

இனி கணவன் மனைவி. இது ஒரு வீட்டுக் கதை இல்லை, பல வீடுகளில் பார்த்ததைக் கோத்துச் சொல்கிறேன். கணவர் வெங்காய மார்க்கெட்டில் லோடுமேன். அவர் மனைவி வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலை. குடி இல்லை, அடி இல்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு சண்டை. சண்டை எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியவில்லை. அவசரப்படாமல் கேட்டுக்கொண்டே போனால், ஒரு எவர்சில்வர் தட்டில் வந்து நிற்கிறது. அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைச் சிங்க்கில் போடும்போது ‘ணங்’ என்று சத்தம் வரும். அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து மனைவி பேசமாட்டார். பேசாததைப் பார்த்துக் கணவருக்கு எரிச்சல் வரும், குரல் உயரும். குரல் உயர உயர மனைவி இன்னும் உள்ளே போய்விடுவார்.

தட்டுச் சத்தம் கேட்டதும் உடம்பில் எங்கே என்ன ஆகிறது என்று மனைவியைக் கேட்டார் ஆற்றுப்படுத்துநர். “வயித்துக்குள்ள ஜில்லுங்குது. காது அடைச்சிரும்” என்றார். சின்ன வயதில் ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்து முதலில் தூக்கி எறிவது தட்டைத்தான். தட்டுச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். முப்பத்தைந்து வயதிலும் அந்த உடம்பு இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. கணவரைக் கேட்டபோது, வீட்டில் யாரும் பேசாவிட்டால் தனக்கு நெஞ்சு படபடக்கும் என்றார். அவருக்கு எட்டு வயதானபோது அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் வீட்டைவிட்டுப் போய்விட்டார். மனைவி திமிரில் பேசவில்லை என்று நினைத்தார் இவர். கணவன் அடிக்கப் போகிறான் என்று நினைத்தார் அவர். இரண்டு பேருமே எதிரே இருப்பவரைப் பார்க்கவில்லை. முதல் தொடுதலுக்குப் பிறகு அந்தப் பெத்சாய்தா மனிதருக்குத் தெரிந்த மாதிரி, மனிதர்கள் மரம்போல நடப்பதாகத்தான் தெரிந்தது.

குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறேன் என்று உட்காருகிறவர் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். சிறுவயது அடி, பயம், புறக்கணிப்பு பெரியவர்களான பிறகு இதய நோயாகவும் குடியாகவும் மனச்சோர்வாகவும் திரும்பி வருவதை 1990-களில் கலிபோர்னியாவில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய பெரிய ஆய்வு காட்டியது. சிறுவயதுத் துன்பம் எத்தனை வகையோ, அத்தனைக்குப் பிற்காலப் பாதிப்பும் கூடிக்கொண்டே போனது. ஆற்றுப்படுத்துநர் அந்த இருவரையும் முதலில் தனித்தனியாகத்தான் பார்த்தார், பிறகு சேர்த்து. மாதங்கள் ஆயின. இப்போதும் தட்டுச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. கேட்டதும் மனைவி தரையில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, கண்ணில் படுகிற ஐந்து பொருளை மனதுக்குள் பெயர் சொல்வார்: அடுப்பு, காலண்டர், சொம்பு என்று. கணவர், “தட்டுதான் புள்ள” என்பார். இவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த புதுமை.

ஆனால் அடி விழுகிற வீடு வேறு. அங்கே இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசக்கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். ஆற்றுப்படுத்தும் அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். நான் பீடத்துக்கு முன்னால் செய்தது அதைத்தான். கத்தோலிக்கர் என்றால் அடிவாங்கிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும் என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை. 1153-ஆம் சட்டம், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கிறவரைவிட்டுப் பிரிந்திருக்க இடம் தருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய ‘அன்பின் மகிழ்வு’ 241-ஆம் எண்ணில், சில நேரம் பிரிந்திருப்பது ஒழுக்கப்படி அவசியமாகவே ஆகிவிடும் என்கிறார். மன்னிப்பது வேறு, மறுபடி அடிவாங்கப் போவது வேறு. உயிர்த்த ஆண்டவர் தம்மைக் கைவிட்ட சீடர்களிடம் சமாதானம் சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஆனால் கையிலும் விலாவிலும் இருந்த காயத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனக்கு ஒருவன் செய்த கொடுமையைத் தன் பாவம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். உங்களில் யாராவது அப்படி இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: அது உங்கள் பாவம் இல்லை. பிறவிக் குருடரைப் பார்த்துச் சீடர்கள், பாவம் செய்தது இவரா இவர் பெற்றோரா என்று கேட்டார்கள். இரண்டு பேரும் இல்லை என்றார் ஆண்டவர். பாவசங்கீர்த்தனத் தொட்டி மன்னிப்புக்கு உரிய இடம், வடு ஆற இன்னொரு இடமும் வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு உயிர்போனாலும் சொல்லமாட்டார். ஆற்றுப்படுத்துநரும் இரகசியம் காப்பார். ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அவர் தெரிவித்தாகவேண்டும். நல்ல ஆற்றுப்படுத்துநர் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். பிறகு சொல்லி ஏமாற்றமாட்டார்.

மாத்திரை தேவைப்பட்டால் மாத்திரை சாப்பிடுங்கள். மந்திரிப்பதும், பேய் ஓட்டுவதும், தாயத்துக் கட்டுவதும் செய்து காலத்தைக் கடத்தாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்துக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். அது ஒரு மதத்துக்காரர்கள் செய்த குற்றம் என்று கை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை. நம் திருத்தலங்களிலும் கட்டிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டவர் பார்வையற்றவரைப் பிடித்தது கையை.

கடைசியாக அந்த இரண்டாவது தொடுதல். ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவர் கேட்கிறார். குணமாக்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதாக நற்செய்திகளில் எழுதியிருப்பது இங்கே மட்டும்தான். அந்த மனிதரும் பொய் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள் தொட்டிருக்கிறாரே, நல்லாத் தெரியுது சாமி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாம் எல்லாரும் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போகிறோம், கிணத்தடியில் வழுக்கியது என்று? அவர் மங்கலாகத்தான் தெரிகிறது என்றார். ஏன் சொல்ல முடிந்தது? ஊர் பார்க்கவில்லை, கேட்டவரும் அவசரப்படவில்லை. ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உன் விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை, மறுபடியும் கைவைத்தார். ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறவரிடம், ‘இன்னுமா சரியாகல?’ என்று கேட்கிற வாய்கள் இங்கே எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

பார்வை தெளிந்ததும் நேரே வீட்டுக்குப் போ, ஊருக்குள்ளேயே நுழையாதே என்று அனுப்பினார். வீடு வேறு, ஊர் வேறு என்று ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்பியக் கூட்டத்தில், தண்ணீர்க் குழாயடியில், அவள் ஏன் ஆற்றுப்படுத்துநரிடம் போய்வருகிறாள் என்று பேசுகிற ஊருக்கு அந்தக் கதை போய்ச் சேரவேண்டியதில்லை.

அதனால் ஓர் ஏற்பாடு. வருகிற வாரம் முதல் புதன்தோறும் சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை, பயிற்சி பெற்ற சகோதரி ஒருவர் பழைய மறைக்கல்வி அறையில் இருப்பார். கட்டணம் கிடையாது. பெயர் எழுதவேண்டாம், எந்த மதத்தவரும் வரலாம். கோவிலின் முன்வாசல் வழியாக வரவேண்டியதில்லை, சந்துப் பக்கத்துச் சின்னக் கதவு திறந்திருக்கும். அதுவரை பொறுக்கமுடியாத ராத்திரி வந்தால் 14416. டெலிமானஸ் என்று 2022-இல் அரசு தொடங்கியது, எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வீட்டில் அடி விழுந்தால் 181.

இப்போது நோயில் பூசுதல். பெற விரும்புகிறவர்கள் எழுந்து வரிசையில் வரவேண்டாம், இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். நான்தான் உங்களிடம் வருவேன். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசவேண்டும். தொடுவதற்கு முன்னால் கேட்பேன். வேண்டாம் என்றால் தலையை அசைத்தால் போதும், செபம் மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகிறேன்.